முளைப்பயறுக்கு ஒரு பாத்திரம், நுண்கீரைக்கு வேறொரு பாத்திரம்: சிங்கப்பூர் சமையலறைக்கு எது சரிவரும்?

செங்காங்கில் நான்கறை வீட்டில் இருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது: "திருச்சியில் அம்மா பழைய வேட்டித் துணியில் பச்சைப்பயறைக் கட்டித் தொங்கவிடுவார். மறுநாளே அழகாக முளைவிட்டிருக்கும். இங்கே அதையே செய்தால் இரண்டாம் நாள் வழவழப்பும் வாடையும்தான் மிச்சம். கண்ணாடி ஜாடியில் போட்டேன், அதுவும் அப்படியே. மூன்றடுக்குப் பிளாஸ்டிக் முளைகட்டும் டப்பா ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? கடுகு, வெந்தயம் மைக்ரோகிரீனையும் அதிலேயே வளர்க்க முடியுமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. முளைப்பயறு என்பது வேர், பருப்பு, தோல் எல்லாம் சேர்த்து முழுசாகச் சாப்பிடுவது. அதற்கு மண் வேண்டாம், வெயில் வேண்டாம், ஒன்றரை நாள் முதல் மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். மைக்ரோகிரீன், அதாவது நுண்கீரை, வேரூன்றி நின்று வெளிச்சத்தில் பச்சை பிடித்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தண்டோடு வெட்டி எடுப்பது. வேர் டப்பாவிலேயே தங்கிவிடும். முளைப்பயறுக்குத் தண்ணீர் துளியும் தேங்கக் கூடாது. நுண்கீரைக்கு அடியில் ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே பாத்திரத்தின் தலையில் கட்டினால் இரண்டுமே அரைகுறையாகத்தான் வரும்.

சரி, அம்மாவின் வேட்டித் துணி அங்கே வேலை செய்து இங்கே ஏன் கைவிடுகிறது? கை வாகு, பயறின் தரம் என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். காரணம் காற்றில் இருக்கிறது. திருச்சியில் ஆண்டின் பெரும்பகுதி காற்று இங்கே இருப்பதைவிட உலர்ந்தது. ஈரத்துணி காயும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐயும் தாண்டும். பகலில் 31, 32 டிகிரி, இரவிலும் 23க்குக் கீழே போவது அபூர்வம். ஏற்கெனவே நனைந்திருக்கும் காற்று உங்கள் துணியின் ஈரத்தை எங்கே வாங்கிக்கொள்ளும்? துணி நாள் முழுக்கச் சொதசொதவென்றே இருக்கும். அதற்குள் முளைவிடும் பயறோ சும்மா இருப்பதில்லை. மூச்சு விடுகிறது, சூடு விடுகிறது. கட்டி வைத்து 12 மணி நேரம் ஆன மூட்டையைப் பிரித்து நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டது போலச் சுடும். அந்தச் சூடும் ஈரமும்தான் கிருமிக்குக் கொண்டாட்டம்.

ஆகவே இங்கே பாத்திரம் பார்க்கும்போது அது எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எவ்வளவு இருட்டாக இருக்கும் என்பதெல்லாம் அப்புறம். தண்ணீர் எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது, அது போன இடத்துக்குக் காற்று வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊரில் காற்று செய்துகொடுத்த வேலையை இங்கே பாத்திரம்தான் செய்தாக வேண்டும். 18 ஆண்டுகளாக இந்த ஊர்ச் சமையலறையில் பயறு முளைகட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சரிவந்தவை எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகும்.

உங்கள் கையில் இருக்கும் கண்ணாடி ஜாடியிலிருந்து தொடங்குவோம். ஜாடி நல்ல பாத்திரம்தான். கண்ணாடி வாடை பிடிக்காது, கொதிநீர் தாங்கும், உள்ளே நடப்பது வெளியே தெரியும். ஆனால் எல்லா ஜாடியும் ஒன்றல்ல. காபித்தூள், ஊறுகாய் வந்த ஜாடிகளுக்குக் கழுத்து குறுகி, அதற்குக் கீழே தோள் அகன்றிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு அதைச் சாய்த்துக் கவிழ்த்து வைத்தால், வாய் வழியாக வடிந்தது போக ஒரு கரண்டித் தண்ணீர் அந்தத் தோள் வளைவில் தங்கிவிடும். ஜாடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், தோளோரமாகக் கலங்கலாக ஒரு பிறை போலத் தெரியும். அந்தப் பிறைக்குள் கிடக்கும் பயறுதான் முதலில் வழவழக்கும், அப்புறம் மற்றதையும் கெடுக்கும். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாயும் வயிறும் ஒரே அகலமாக, கை உள்ளே போகிற மாதிரி நேராக இருக்கும் ஜாடியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் போதும்.

மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, வாய்க்குக் கொசுவலைத் துணியை இரண்டாக மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். துருப்பிடிக்காத எஃகு வலை மூடி கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரணக் கம்பிவலை வேண்டாம், ஒரே வாரத்தில் துரு ஏறிவிடும். கழுவி வடித்த பிறகு ஜாடியை மெல்ல உருட்டினால் பயறு சுவரோடு ஒரே பரப்பாக ஒட்டிக்கொள்ளும். அப்படியே பாத்திரம் வடியும் ரேக்கில் வாய் கீழ்நோக்கிச் சரிவாகச் சாய்த்து வையுங்கள். நேர்செங்குத்தாகக் கவிழ்த்தால் பயறு மொத்தமும் வாயில் வந்து அடைத்துக்கொண்டு காற்றைத் தடுத்துவிடும். அளவிலும் கை அடக்கம் வேண்டும். ஒரு லிட்டர் ஜாடிக்கு 4 மேசைக்கரண்டிப் பச்சைப்பயறு, ஏறத்தாழ 50 கிராம். ஊறினாலே அது இரண்டு மடங்காகிவிடும், முளைவிட்டால் இன்னும் ஏறும். ஜாடி நிரம்பினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் நடுவில் இருக்கும் பயறுக்கு மூச்சு முட்டும்.

ஊறவைக்கும் நேரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாத்திரத்தின் மேல் விழும் பழியில் பாதி இதனுடையது. "இரவு முழுக்க ஊறட்டும்" என்பது ஊர்ப்பழக்கம். இங்கே குழாயைத் திறந்தால் வருவதே வெதுவெதுப்பான தண்ணீர். பச்சைப்பயறுக்கு 6 மணி நேரம் போதும். 10, 12 மணி நேரம் விட்டால் தண்ணீரில் நுரை கட்டும். அது புளிக்கத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். முளைகட்டும் நாள்களில் ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை அலச வேண்டும். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் என்றால் காலை, மாலை, படுக்கப் போகும்முன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஒரே ஒரு பாத்திரம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் ஜாடியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். என் ஓட்டு எஃகு வடிதட்டுக்குத்தான். காய்கறி அலசி வடிக்கிறோமே, அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட அகலப் பாத்திரம், அதேதான். தேக்கா பாத்திரக் கடைகளிலும் அக்கம்பக்கத்துக் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கும். அது ஏன் இந்த ஊருக்கு அவ்வளவு பொருத்தம் என்றால், பயறு அதில் குவியாமல் பரவிக் கிடக்கும், தண்ணீர் ஊற்றிய மறுநொடியே போய்விடும், கீழிருந்தும் காற்று வரும். அடியில் ஒரு கிண்ணம் வைத்து அதன்மேல் வடிதட்டை உட்கார வையுங்கள். வடிதட்டின் அடிப்பாகம் கிண்ணத்தில் சொட்டிய தண்ணீரைத் தொடக்கூடாது, இரண்டு விரல் இடைவெளி வேண்டும். மேலே ஒரு தட்டைச் சற்றே விலக்கி மூடினால் போதும். பயறின் கனம் எந்த இடத்திலும் 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். சீன ஸ்டீமர் வைத்திருப்பவர்கள் அதன் துளைத் தட்டையும் இதே மாதிரி பயன்படுத்தலாம். தட்டின்மேல் தட்டாக அடுக்கி வைத்தால் ஒன்றில் பச்சைப்பயறு, ஒன்றில் கறுப்புக் கொண்டைக்கடலை என்று தனித்தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

துளையின் அளவுக்கு ஏற்பத் தானியம். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறுக்குச் சாதாரண வடிதட்டுத் துளை சரி. கேழ்வரகு, வெந்தயத்துக்கு மாவு சலிக்கும் மெல்லிய எஃகுச் சல்லடை வேண்டும். ஆனால் சல்லடையில் ஒரு தொல்லை உண்டு. முளை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் வேர் வலைக்கண்ணுக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். பிய்த்தெடுத்தால் வேர்நுனி வலையிலேயே தங்கி அழுகும், பல்துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். முளை சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சுண்டலுக்கும் கேழ்வரகுக் கஞ்சிக்கும் அந்த அளவு முளையே போதும்.

துணியை அடியோடு விட்டுவிட மனம் வரவில்லையா? நானும் விடவில்லை. மூட்டை கட்டுவதைத்தான் விட்டேன். மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து வடிதட்டில் விரித்து, அதன்மேல் பயறைப் பரப்பி, துணியின் ஓரங்களை மேலே தளர்வாக மடித்துவிடுகிறேன். ஈரம் காக்கும், காற்றும் வரும். ஒவ்வொரு முறையும் துணியை 10 நிமிடம் கொதிக்கவைத்து நன்றாக உலர்த்த வேண்டும். பால்கனி இல்லாத வீட்டில் மழைநாளில் துணி காயாது என்றால் இந்த வழியையே விட்டுவிடுங்கள். காயாத துணியை மறுபடி எடுப்பதைவிடத் துணியே இல்லாமல் இருப்பது நல்லது. மண்சட்டி, மூங்கில் தட்டுக்கும் இதையே சொல்வேன். பார்க்க அழகு, கழுவி உலர்த்தப் பெரும்பாடு. நுண்துளைகளில் ஈரம் ஒளிந்துகொண்டு கறுப்புப் புள்ளியாகப் பூசணம் கிளம்பும்.

இப்போது நீங்கள் கேட்ட மூன்றடுக்கு டப்பா. நான் ஒன்று வாங்கி நான்கு மாதம் வைத்திருந்தேன். மேல் தட்டில் தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு தட்டாக வடிந்து கீழே சேரும். எளிமையாகத்தான் தெரியும். ஆனால் மேல் தட்டின் அழுக்குத் தண்ணீர்தான் கீழ்த் தட்டுப் பயறுக்குக் கிடைக்கிறது. தட்டின் அடியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நின்றுவிடுகிறது. வடியும் வாயில் பச்சைப்பயறின் தோல் ஒன்று போய் அடைத்துக்கொண்டால் போதும், கீழ்த் தட்டு காய்ந்து மேல் தட்டு குளமாகிவிடும். குளிர்நாடுகளில் இது நன்றாகவே வேலை செய்யலாம். இங்கே ஒவ்வொரு தட்டையும் தனியே எடுத்துக் குழாயில் அலசி உதறினால்தான் சரிவருகிறது. அப்படி என்றால் வடிதட்டே போதுமே? மின்சாரத்தில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவிகளும் கிடைக்கின்றன. தொட்டித் தண்ணீரையே திரும்பத் திரும்பத் தெளிக்கும் வகையாக இருந்தால், அந்தத் தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விடுவதற்காகத்தான் பலர் அந்தக் கருவியை வாங்குகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

கடைத் தாவ்கே மாதிரி வெள்ளையாக, நீளமாக, தடித்த முளை வேண்டும் என்றால் அது வேறு வித்தை. அதற்கு உயரமான, வெளிச்சம் புகாத பாத்திரம் வேண்டும். எங்கள் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி ஒரு சின்ன வாளியின் அடியில் நெருக்கமாகத் துளை போட்டு வைத்திருக்கிறார். ஊறிய பயறை இரண்டு விரல் கனத்துக்குப் போட்டு, மேலே ஈரத்துணி, அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். எதற்கு இந்தப் பாரம் என்று நான் முதலில் நினைத்ததுண்டு. முளை பாரத்தை முட்டிக்கொண்டு ஏறும்போது அதற்குள் எத்திலீன் வாயு சுரக்கிறது. அது தண்டை மெலிந்து நீளவிடாமல் தடிக்கவைக்கிறது. பாரம் இல்லாவிட்டால் நூல் நூலாக ஓடிவிடும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கசக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வாளி நிறையத் தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டை இறக்குகிறார். வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

பாத்திரம் எதுவானாலும் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முளைப்பயறைச் சமைத்துச் சாப்பிடுங்கள். 2011இல் ஜெர்மனியை மையமாகக் கொண்டு பரவிய ஈ.கோலை நோயில் ஏறத்தாழ 4,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை கடைசியில் வெந்தய முளையில், எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில் போய் நின்றது. கிருமி விதையிலேயே இருந்தால், எவ்வளவு சுத்தமான பாத்திரத்திலும் முளைகட்டும் சூட்டிலும் ஈரத்திலும் அது பெருகும். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. நம் வீட்டில் சுண்டலாகவும் பொரியலாகவும் குழம்பாகவும்தானே செய்கிறோம், அதனால் பெரிய இழப்பில்லை. ராஜ்மாவையும் மொச்சையையும் முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிடுவது எவருக்குமே ஆகாது. நன்றாகக் கொதிக்க வேண்டும்.

இனி நுண்கீரை. இதற்குப் போவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஒரு கரண்டித் தண்ணீரில் நான்கைந்து விதையைப் போட்டு 10 நிமிடம் விடுங்கள். சப்ஜா, சியா, ஆளிவிதை போல விதையைச் சுற்றிக் கூழ் கட்டினால், அந்த விதை ஜாடிக்கும் வடிதட்டுக்கும் ஆகவே ஆகாது. கட்டியாகி அடைத்துக்கொள்ளும். மஞ்சள் கடுகிலும் கொஞ்சம் கூழ் உண்டு. இவற்றை ஊறவைக்காமல் நேரே ஈரத் தளத்தில் தூவி நுண்கீரையாக்குவதுதான் வழி.

நுண்கீரை என்றதும் ஏதோ புதிய நாகரிகம் என்று நினைக்கிறோம். முளைப்பாரி வேறென்ன? நவதானியத்தை ஊறவைத்து, வைக்கோலும் எருவும் மண்ணும் போட்ட சட்டியில் நெருக்கமாகத் தூவி, இருட்டறையில் வைத்து, நாள் தவறாமல் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் பத்து நாளில் ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் பூத்த மாதிரி எழுப்புகிறார்களே, அதே வித்தை. கல்யாணப் பாலிகையும் அதுதான். வெளிச்சம் காட்டாததால் அது மஞ்சளாக நீள்கிறது. நாம் மூன்றாம் நாளே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம், அதனால் குட்டையாகப் பச்சையாக நிற்கிறது. எங்கள் ஊரில் முளைப்பாரி போடும் ஆத்தா ஒருவர், சட்டியை ஒவ்வொரு நாளும் உயர்த்தி அடிப்பக்கத்தை முகர்ந்து பார்ப்பார். "அடி நாறினா நுனி நிக்காது" என்பார். டப்பாவில் வளர்க்கும்போது நானும் அதையேதான் செய்கிறேன்.

டப்பாவுக்கு ஆழம் தேவையில்லை. 4, 5 சென்டிமீட்டர் போதும். ஆழமான பாத்திரத்தின் அடியில் விதை கிடந்தால் சுவர் வெளிச்சத்தை மறைக்கும், காற்று உள்ளே இறங்காது, தண்டு அடியில் அழுகி விழும். ஈரச்சந்தையில் இலவசமாகக் கிடைக்கும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியில் கங்குங் கீரை அருமையாக வரும், நுண்கீரை வராது. கடைகளில் விற்கும் பெரிய கறுப்புத் தட்டு ஏறத்தாழ 25க்கு 50 சென்டிமீட்டர். அது வியாபாரத்துக்கு. ஒரு தட்டுக் கடுகுக்கீரையை நான்கு பேர் குடும்பம் ஒரு வாரத்தில் தின்று முடிக்க முடியாது.

நம் வீட்டுக்குத் தப்பாவ் டப்பாதான் சரியான அளவு. சோறும் குழம்பும் வாங்கி வந்த செவ்வக டப்பா, 17க்கு 12 சென்டிமீட்டர் இருக்கும். அடியைத் திருப்பினால் முக்கோணத்துக்குள் ஓர் எண் தெரியும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், கவலையில்லை. 1, 2ஐயும் எடுக்கலாம். 3, 6 எண்களை நான் தொடுவதில்லை. பீன்கர்ட் வரும் டப்பாவும் நல்ல கனமாக, நேர்ச்சுவராக இருக்கும். ஸ்ட்ராபெரி டப்பாவில் துளை போட்டே வருகிறது, ஆனால் மெலிந்த பிளாஸ்டிக் என்பதால் தூக்கும்போது நெளிந்து, உள்ளே பின்னிய வேர்ப்பாயில் விரிசல் விழும். அடியில் இன்னொரு டப்பாவைத் தாங்கலாகப் போட்டுத் தூக்குங்கள். காகித முட்டைத் தட்டில் வளர்ப்பதைச் சிலர் காட்டுகிறார்கள். இந்த ஈரக்காற்றில் மூன்றாம் நாள் அதன் மேலேயே பூசணம் படரும், முட்டையிலிருந்து ஒட்டிய கிருமியும் இருக்கலாம். வேண்டாம்.

ஒரே மாதிரி இரண்டு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடியில் மூன்று நான்கு சென்டிமீட்டருக்கு ஒன்றாக, தீக்குச்சித் தலை போகும் அளவுக்குத் துளை போடுங்கள். மற்றதில் துளை வேண்டாம். துளை டப்பாவைத் துளையில்லாததற்குள் இறக்கி வைத்தால் தட்டும் தாங்கலும் ஆயிற்று. கடுகு, வெந்தயத்துக்கு உள்ளே நான்கு மடிப்பு சமையலறைக் காகிதமே போதும். பட்டாணி, சூரியகாந்திக்கு 2, 3 சென்டிமீட்டர் தென்னைநார்த்தூள் வேண்டும். அந்த அளவு டப்பாவுக்குக் கடுகு தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக, வெந்தயம் இரண்டு தேக்கரண்டி. விதை மேல் விதை ஏறினால் அங்கேதான் பூசணம் தொடங்கும்.

தூவி, தண்ணீர் தெளித்து, இன்னொரு காலி டப்பாவை நேரே விதையின்மேல் இறக்கி, அதில் அரைக் கிலோ பருப்புப் பாக்கெட் ஒன்றை வையுங்கள். இரண்டு நாள் அந்தப் பாரம் இருக்கட்டும். விதை தளத்தோடு அழுந்தி வேர் நேரே கீழே இறங்கும், தோலும் சீக்கிரம் கழலும். அடுக்க முடிகிற டப்பாக்களாகப் பார்த்து எடுக்கச் சொல்வது இதற்காகவும்தான். பாரத்தை எடுத்த பிறகு மேலே தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள். கீழ் டப்பாவில் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, 10 நிமிடம் குடிக்கவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேலே தெளித்தால் இலை நனைந்து, இந்த ஊரில் இலை காயாது.

கொட்டிவிடுங்கள் என்பதை மறக்க வேண்டாம். கீழ் டப்பாவில் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும், நுண்கீரை வளர்வதும் அதே ஒரு வாரம்தான். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கவிடாதீர்கள் என்று தேசிய சுற்றுப்புற வாரியம் டெங்கி நேரத்தில் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த டப்பாவுக்கும் பொருந்தும்.

வெளிநாட்டுக் காணொளிகளில் ஒளிபுகும் மூடி போட்டு மூடச் சொல்வார்கள், அடியில் சூடேற்றும் பாய் விரிக்கச் சொல்வார்கள். அவர்கள் ஊர்க் குளிருக்கும் வறட்சிக்கும் அது சரி. நாம் இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இங்கே மூடி போட்டால் உள்ளே மழை பெய்யும்.

மூன்றாம் நாள் எல்லாரும் பயப்படும் ஒரு காட்சி வரும். வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ நிற்கும். பூசணம் என்று நினைத்து மொத்தத்தையும் குப்பையில் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பஞ்சு அடங்கி மறைந்தால் அது வேர்த்தூவி, செடி நலமாக இருக்கிறது. மறையாமல், சிலந்திவலை போல ஒரு தண்டிலிருந்து இன்னொரு தண்டுக்குத் தாவி நின்று, முகர்ந்தால் பாசி வாடை அடித்தால்தான் பூசணம். அப்படி வந்த டப்பாவை முழுதாகக் கொட்டிவிடுங்கள், ஓரத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம்.

வைக்கும் இடம். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் மிக நன்று. மேற்கு ஜன்னல் என்றால் கறுப்பு டப்பா வேண்டாம். மாலை மூன்று மணி வெயிலில் அதன் சுவர் கையை வைக்க முடியாதபடி சுடும், ஓரத்து நாற்றுகள் வெந்துவிடும். வெள்ளை அல்லது ஒளிபுகும் டப்பா எடுத்து, மெல்லிய திரைக்குப் பின்னால் வையுங்கள். தெற்கு பார்த்த ஜன்னலில் அக்டோபர் முதல் மார்ச் வரையிலும், வடக்கு பார்த்ததில் மற்ற மாதங்களிலும்தான் நேர்வெயில் எட்டிப் பார்க்கும். எங்கானாலும் டப்பா ஜன்னல் கம்பிக்கு உள்பக்கம் இருக்கட்டும். வெளித்திட்டிலும் தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரிலும் எதையும் வைக்காதீர்கள், காற்றில் விழுந்தால் கீழே நடப்பவர் தலையில்தான் விழும்.

கொத்தமல்லிக்கு மட்டும் பொறுமை வேண்டும், 2, 3 வாரம் எடுக்கும். உருண்டை ஒவ்வொன்றிலும் இரண்டு விதை உண்டு, உருட்டுக்கட்டையால் லேசாக அழுத்தி இரண்டாக்கித் தூவுங்கள். எந்தக் கீரையானாலும் நிறம் பூசிய தோட்டவிதையை வாங்காதீர்கள், அது மருந்து தடவியது. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை நுண்கீரையாகச் சாப்பிடக் கூடாது, அந்தக் குடும்பத்து இளந்தளிரில் நஞ்சு உண்டு.

உங்களுக்கு நான் சொல்வது இது. மூன்றடுக்கு டப்பாவுக்கு வைத்திருக்கும் பணத்தில் 24 சென்டிமீட்டர் அகல எஃகு வடிதட்டு ஒன்றும், சின்ன எஃகுச் சல்லடை ஒன்றும் வாங்குங்கள். தப்பாவ் டப்பா ஐந்தைக் கழுவி எடுத்து வையுங்கள். இரண்டு தட்டு, இரண்டு தாங்கல், பாரம் வைக்க ஒன்று. இந்தச் சனிக்கிழமை ஒரு டப்பாவில் கடுகு போடுங்கள், செவ்வாய்க்கிழமை அடுத்ததில் வெந்தயம். மாற்றி மாற்றிப் போட்டால் எப்போதும் ஒன்று வெட்டுகிற பதத்தில் இருக்கும். அடியிலிருந்து ஒரு விரல் விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டி, ரசத்தை இறக்கியதும் மேலே தூவுங்கள். வெட்டி முடித்த அன்றே வேர்ப்பாயை உரித்தெடுத்துவிட்டு, டப்பாவின் துளைகளைப் பிரஷ்ஷால் தேய்த்து, கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்துவிட வேண்டும். அந்தத் தோள் அகன்ற ஜாடியையும் கொதிநீர் ஊற்றிக் கழுவி உலர்த்துங்கள். காய்ந்த பயறைப் போட்டு மூடிவைக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது.